இரண்டாவது தட்டு

பேய், தரிசனம் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன், அதோடு சரி. கடவுள் வானத்தில் இருக்கிறார், நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன், அவரவர் வேலை அவரவருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் சாமுவேல் கிழங்கு வாங்கக் கிள்ளானுக்குப் போனவரை அங்கேயே பிடித்து லோரியில் ஏற்றி, சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இவர் எப்படியோ வழியில் ரயிலிலிருந்து குதித்து, ரப்பர் தோட்டம் தோட்டமாக ஒளிந்து நடந்து, காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். அகப்பட்டால் அவர் தலை போய்விடும், ஒளித்து வைத்த எனக்கும் அதே கதிதான். சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கிய மூலையில் கிடப்பார், சாப்பாட்டுக்கு மட்டும் மேசைக்கு வருவார்.

ஐந்தாம் நாள் மத்தியானம். அவித்த மரவள்ளிக்கிழங்கை இரண்டு தட்டில் வைத்து அப்போதுதான் உட்கார்ந்தோம், வெளியே பூட்ஸ் சத்தம். அவர் விறகுக்குப் பின்னால் ஓடிவிட்டார். நான் தட்டை எடுப்பதற்குள் கதவை உதைத்துத் திறந்துவிட்டார்கள். வீட்டில் நான் ஒருத்தி, மேசையில் ஆவி பறக்கிற இரண்டு தட்டு, யோசித்துப் பாருங்கள். ஜெபம் பண்ணலாம் என்றால் ஒரு ஜெபமும் நினைவுக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்து மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் கடகடவென்று ஒப்பிக்கிறதுதான் வாயில் வந்தது. "ஆண்டவரே, எங்கள் பந்தியில் வந்து உட்காரும்..." முணுமுணுக்கும்போதே எனக்கு என் மேல் ஆத்திரம். உயிர் போகிற நேரத்தில் சொல்கிற ஜெபமா இது?

வந்தவர்கள் மூன்று பேர். ஒரு ஜப்பானிய அதிகாரி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், அவர்கள் பாஷை படித்த நம் தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். அதிகாரி தட்டுகளைப் பார்த்து ஏதோ உறுமினான்.

"அக்கா, ரெண்டாவது தட்டு யாருக்குன்னு கேக்கறாரு. மறைக்காதீங்க லா, சொல்லிடுங்க," என்றார் கிராணி.

அந்த நேரம் பார்த்தா விறகு மூலையிலிருந்து இருமல் வர வேண்டும்! செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் அதிகாரி சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். முகம் வெளுத்துப்போனது. மெல்லத் தொப்பியைக் கழற்றினான். ரோட்டில் நாங்கள் குனிந்து வணங்கத் தவறினால் கன்னத்தில் அறைகிற கூட்டம் அது. அந்த மனுஷன் காலி நாற்காலிக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தான். பையிலிருந்து காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருள் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கிராணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். பிறகு நாற்காலியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே போய்விட்டான். ஒன்றும் புரியாமல் சிப்பாயும் போனான்.

கிராணி மட்டும் நின்றார்.

"அக்கா, அங்க யாரு உக்காந்திருக்கா?"

"யாரும் இல்லீங்களே."

"எனக்கும் யாரும் தெரியல. ஆனா, 'பெரியவருக்கு ரெண்டு கையிலயும் காயம், கட்டுப் போட்டு விடு'ன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

சொன்னவர் ஓட்டமாக ஓடிவிட்டார். சண்டை முடிகிற வரை எங்கள் வீட்டுக்கு யாரும் தேடி வரவில்லை. சாமுவேல் பிழைத்துக்கொண்டார்.

"காப்பாத்தினவர்தானே அம்மா, அப்புறம் என்ன பயம்?" என்று எங்கள் பாதிரியார் கேட்டார். அவருக்கு என்ன, கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் புதிதாக எதையும் கேட்கவில்லை, தினமும் மூன்று வேளையும் கேட்டதைத்தான் கேட்டேன். கூப்பிட்டதற்கு அன்று வந்தார் என்றால், மற்ற நாளெல்லாம்?

அந்த அதிகாரி வந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அஞ்சலை வந்தாள். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன்தான், திரும்பவில்லை. சாமுவேலுக்கு அன்று காய்ச்சல் அதிகம், மேசைக்கு வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து அப்போதுதான் அதே ஜெபத்தைச் சொல்லி முடித்திருந்தேன். "ஒரு துண்டு கிழங்கு இருந்தாக் குடுங்கக்கா, புள்ள அழுவுது," என்று வாசலில் நின்று கேட்டாள். கீழே தரையில் வைத்திருந்த சட்டியில் மூன்று பேருக்கு இருந்தது. காலால் அதை எதிர் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஒண்ணும் இல்ல, போ," என்றேன்.

அந்தத் துணிச்சுருள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, பிரித்ததே இல்லை. சாப்பாட்டு ஜெபத்தையும் விடவில்லை. ஆமென் சொன்ன பிறகு கண்ணைத் திறக்கத்தான் தைரியம் வருவதில்லை. எதிரே நாற்காலி இருக்கிறது.