தவணைக்கு வந்த ரீவி

மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது. "தங்கச்சியைத் தனிய விட்டிட்டு வரமாட்டன்" என்று பேச்சுக்காலிலேயே சொல்லிவிட்டார் மனிதர். ஆகவே நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தாய் தகப்பன் இல்லாத வீடு. அண்ணனும் தங்கையும் மட்டும். எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கம், ஊர் இன்னும் கெட்டுப்போகாத நேரம்.

அந்தத் தங்கைதான் என் மச்சாள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். வீட்டுக்குள் அவள் நடப்பதைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, அவ்வளவு கெதியான நடை. வாசல் படலையைத் தாண்டினால்தான் சங்கடம். சட்டை, பிளவுஸ் என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தாள். முப்பது வயதாகியும் கலியாணம் பொருந்தவில்லை.

காசு இல்லாததால் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலியாணத்தில் பெண் பகுதி, சீதனத்துக்கு மேலாக, மாப்பிள்ளை வீட்டுக்குக் காசு கொடுப்பதை நாங்கள் டொனேசன் என்போம். மாப்பிள்ளைக்குத் தங்கை இருந்தால் அவளைக் கரைசேர்க்க அந்தக் காசு போகும். என் அப்பா தோட்டக் காணி ஒன்றை விற்றுக் கொடுத்த டொனேசனை, என் மனிதர் ஒரு சதம்கூடக் குறையாமல் மச்சாளின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டார். என் அப்பாவின் வியர்வை மச்சாளின் பெயரில் வட்டி போட்டுக்கொண்டிருந்தது. அதில் எனக்கு எரிச்சல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மச்சாளில் அல்ல, வழக்கத்தில்.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ எங்கள் ஒழுங்கையில், தெருமுனை வீட்டுக்கு ரீவிப் பெட்டி வந்தது. மகன் சவூதியிலிருந்து அனுப்பிய காசு. கூரைக்கு மேலே இரும்புக் குழாய்க்கு இரும்புக் குழாய் பொருத்தி, தென்னைக்குப் போட்டியாக அன்ரெனா நின்றது. வானம் ஒத்துவந்தால் இந்தியா வரும், இல்லாவிட்டால் கொழும்பு. ஞாயிறு பின்னேரம் படம் என்றால் அந்த வீட்டு விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது.

ஒரு ஞாயிறு மச்சாளையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சேலை உடுத்து, பவுடர் போட்டு, ஆசையோடுதான் வந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் முனை வீட்டு மாமி எழும்பி, கூட்டத்துக்குக் கேட்கச் சத்தம் போட்டார்.

"வழி விடுங்கோ, வழி விடுங்கோ. பாவம், உவளுக்குக் கதிரை ஒண்டு குடுங்கோ. உவளுக்கும் வேறை என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

கதிரை வந்தது. முதல் வரிசையில் போட்டார்கள். மாமி நல்ல மனுசி, அதில் பொய்யில்லை. ஆனால் படம் முடியும்வரை மச்சாள் திரையைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"இனி நீங்கள் போங்கோ மச்சாள். எனக்குத் தையல் கிடக்கு."

அன்றைக்கே எனக்கு விசர் பிடித்துவிட்டது. ரீவி ஒன்று இந்த வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று இவரிடம் தொடங்கினேன். இவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கர். மாதச் சம்பளம், சிகரெற்றைத் தவிரக் கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. கடன் என்ற சொல் மட்டும் ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. இவருடைய தகப்பன் யாரோ ஒரு சிநேகிதனின் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்து, சிநேகிதன் கையை விரிக்க, கிணற்றடிக் காணியை இழந்த மனிதர். அந்த வேலிக் கதியால்களைப் பிடுங்கியதை இவர் பத்து வயதில் நின்று பார்த்திருக்கிறார்.

"காசு சேரட்டும், வாங்குவம்" என்றார்.

"எப்ப சேரும்? எங்கடை தலை நரைச்ச பிறகோ? ரவுண் கடையளிலை தவணைக்குக் குடுக்கிறாங்கள். மாதாமாதம் கட்டினால் முடிஞ்சுது."

"இஞ்சரும், பயிருக்குக் கடன் படலாம், பயிர் விளைஞ்சு கடனைக் கட்டும். வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் கடன் படலாம், ஆள் எழும்பி உழைக்கும். படம் பார்க்கிறதுக்கு ஆராவது கடன் படுவினமோ? கைக்காசிலை வாங்கிறதை விட்டுத் தவணைக்கு வாங்கினால் ஒண்டரைப் பங்கு விலை."

கணக்கு அவர் பக்கம்தான். ஆனால் கணக்குச் சரி என்பதற்காக நான் வாயை மூடியதாக வரலாறு இல்லை. அந்த மாதம் முழுவதும் சோற்றோடு சேர்த்து இந்தக் கதையையும் பரிமாறினேன். மச்சாளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொழுதுபட, மூன்று பேரும் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னாள்.

"அண்ணை, என்ரை பேரிலை வங்கியிலை காசு சும்மாதானே கிடக்குது. அதிலை எடுத்து வாங்குங்கோவன். கடனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்."

"ஓமப்பா, அதுதானே!" என்றேன் நான். வாயில் இருந்த பிட்டு சிந்திப்போனது. எவ்வளவு சுலபமான வழி! காசு இருக்கிறது, ரீவி கடையில் இருக்கிறது, பார்க்கப்போகிறவளே காசு தருகிறாள். என் அப்பாவின் காசு ஒருவழியாக யாருக்காவது உபயோகப்பட்டதாகவும் இருக்கும்.

இவர் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். மச்சாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் பாதிப் பிட்டோடு கோப்பையிலேயே கையைக் கழுவிவிட்டு எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பார்த்தீரே, காசெண்டதும் ஓட்டத்தை!" என்றேன். மச்சாள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மூன்று நாளும் பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்தார். நாலாம் நாள் வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சனிக்கிழமை வெளிக்கிடும், ரவுணுக்குப் போவம்" என்றார்.

"வங்கிக்கோ?"

"கடைக்கு. தவணைக்கு எடுப்பம்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. கைக்காசு கிடக்கும்போது எந்த விசரன் தவணைக்குப் போவான்? அதுவும் இந்த மனிதர்! "இவ்வளவு நாளும் கணக்குச் சொல்லிப்போட்டு இப்ப என்ன வந்தது உங்களுக்கு?" என்று கத்தினேன். "அது என்ரை யோசினை" என்றதோடு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கடையில் முகாமையாளர் எங்களை இருத்தி, சோடா உடைத்துத் தந்து, பத்திரத்தை நீட்டினார். இவர் ஒரு வரி விடாமல் வாசித்தார். கடைசித் தவணை கட்டும்வரை பெட்டி கடைக்குத்தான் சொந்தம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு மாதம் தவறினால் வந்து தூக்குவியளோ?"

"தூக்கலாம் அண்ணை. ஆனா அந்த அளவுக்கு நாங்கள் ஒருத்தரோடையும் போகேல்லை."

இவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கையெழுத்து வைத்தார். பிணைக்கு இரண்டு பேர் வேண்டும். அதற்கான தாளை இவர் முன்பே வாங்கிப்போய், இரண்டு கையெழுத்தும் வைப்பித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். ஒன்று அவரோடு வேலை செய்கிறவருடையது. மற்றது என் அப்பாவுடையது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் மருமகன் மாமனாரிடம் போய்ப் பிணை கேட்பதென்றால் அதைவிடத் தலைகுனிவு இல்லை. தகப்பன் பிணை வைத்து அழிந்ததைப் பார்த்த மனிதர், தனக்காக இன்னொருவரைப் பிணை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அடுத்த கிழமை அப்பாவிடம் போய் நின்றேன். "இவர் வந்து என்னப்பா சொன்னவர்?"

அப்பா சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார். "நானும் கேட்டனான் பிள்ளை, நான் தந்த காசு கிடக்கேக்கை என்னத்துக்குத் தம்பி கடன் எண்டு. 'மாமா, அது தங்கச்சியின்ரை கலியாணக் காசு. அதை எடுத்து ரீவி வாங்கினனெண்டால், அவளுக்கு இனிக் கலியாணம் இல்லையெண்டு நானே சொன்னதாய்ப் போடும். அவள் சிரிச்சுக்கொண்டு கேட்டவள் மாமா' எண்டார். அதுக்குப் பிறகு நான் என்ன கதைக்கிறது? எங்கை வைக்கவேணுமெண்டு கேட்டு வைச்சன்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே பொல்லாத கோபமும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் கிடக்கிற எனக்குச் சொல்லாமல், அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே! வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்ததும் அவருக்குப் பிடிக்குமென்று ஒடியற்கூழ் காய்ச்சினேன்.

ரீவி ஏ-40 வாடகைக் காரில், பின் சீற்றில் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்து வந்தது. அன்ரெனா கட்டிய நாள் பெரும் பகிடி. இவர் கூரையில் நின்று குழாயைத் திருப்ப, நான் முற்றத்தில் நிற்க, மச்சாள் உள்ளேயிருந்து கூவினாள். "வருது, வருது… ஐயோ போட்டுது! கொஞ்சம் மற்றப் பக்கம்… அண்ணை, ஆடாதேங்கோ, வந்திட்டுது!" அவள் குரல் அவ்வளவு பெரிதாக எழும்பி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அடுத்த நாளே வெல்வெற் துணியில் ஓரத்துக்கு லேஸ் வைத்து ரீவிக்கு உறை ஒன்று தைத்துவிட்டாள்.

முதல் ஞாயிறே விடுப்பும் வேடிக்கையும் பார்க்க முனை வீட்டு மாமி வந்தார். மச்சாள் ஓடிப்போய் அவருக்குக் கதிரை போட்டாள். மாமி இருந்ததும் இருக்காததுமாய்க் கேட்டார். "கைக்காசோ, கடனோ?"

இவர் முகம் கறுத்தது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் மச்சாள் முந்திவிட்டாள்.

"கடன்தான் மாமி. அண்ணை தவணைக்கு எடுத்தவர். இனித்தான் கட்டி முடிக்கவேணும்."

சொன்ன விதம் இருக்கிறதே, நகைக்கடையில் வாங்கிய புதுச் சங்கிலியைக் காட்டுகிற மாதிரி. பிறகு தைக்கக் கொடுக்க வந்தவர்கள், எடுக்க வந்தவர்கள், ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லோருக்கும் அவளே வலியச் சொன்னாள். "கடனைப் போய் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறீரே, வெட்கமில்லையோ?" என்று நான் ஏசினேன். சிரித்தாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

தவணைகளை இவர் ஒன்றும் தவறவிடாமல் கட்டினார். சிகரெற்றை விட்டார். பஸ்ஸை விட்டுச் சைக்கிளில் காங்கேசன்துறைக்குப் போய் வந்தார். இடையில் இரண்டு மாப்பிள்ளைப் பகுதிகள் வந்தார்கள். "தங்கச்சியின்ரை காசு தொடாமல் வங்கியிலை கிடக்கு" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவர்கள் இன்னும் கூடக் கேட்டார்கள், அல்லது காலைப் பார்த்தார்கள். வந்த வழியே போனார்கள். நாசமாய்ப் போன வழக்கம்.

கடன் முடிந்து ரீவி எங்களுக்குச் சொந்தமாகிக் கொஞ்சக் காலத்தில் நாட்டில் சண்டைகள் முற்றின. தொண்ணூறில் கரண்ட் அறவே நின்றது. தொழிற்சாலையும் மூடியது. சம்பளம் இல்லை. மச்சாளின் தையலிலும் என் அப்பாவின் வெங்காயத்திலும் சீவித்தோம். அந்தக் கஷ்டத்திலும் வங்கிக் காசை இவர் தொடவில்லை. ரீவி வெல்வெற் உறைக்குள்ளேயே கிடந்தது. மச்சாள் வெள்ளிக்கிழமைகளில் உறையைக் கழற்றித் தோய்த்துக் காயவைத்துத் திரும்பவும் போடுவாள்.

தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மச்சாளைச் சைக்கிள் கரியரில் இருத்தி இவர் தள்ளிக்கொண்டு வந்தார். தையல் மெஷினை நான் என் சைக்கிளில் கட்டிக்கொண்டேன். ரீவியை யார் தூக்குவது? உறையோடு விட்டுவிட்டு வந்தோம். மழையில், சனத்துக்குள் நெரிபட்டு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் போய் விழுந்தோம்.

அங்கே ஒரு பின்னேரம் இவர் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். மச்சாளும் நானும் வகுப்பறை வாங்கில் சாய்ந்துகொண்டு இருந்தோம். எனக்கு ஆற்றாமை பொங்கியது.

"அட கோதாரி, நினைச்சுப் பாரும் மச்சாள். ஒண்டரைப் பங்கு விலை குடுத்து, அந்த மனிசன் வெயிலிலை சைக்கிள் உழக்கி உழக்கிக் கடன் கட்டினது. இண்டைக்கு ரீவியும் இல்லை. வங்கியிலை கிடக்கிற காசுக்கு இப்ப விக்கிற விலையிலை என்ன வரும், கொஞ்ச அரிசியும் மண்ணெண்ணையும் வரும். அண்டைக்கு நீர் சொன்ன மாதிரி உம்மடை காசிலை வாங்கியிருந்தால் எவ்வளவு புத்தி!"

மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, அந்த வெல்வெற் உறைக்கு லேஸ் வைத்த நாளில் இருந்த அதே முகத்தோடு சொன்னாள்.

"எனக்கென்ன ரீவி இல்லையெண்டோ அந்தரம், மச்சாள்? நானும் கனக்க யோசிச்சுத்தான் அண்டைக்குக் கேட்டனான். அண்ணை சரியெண்டு காசை எடுத்திருந்தால், எனக்கு முடிஞ்சுதெண்டு அவரும் நினைச்சிட்டார் எண்டு தெரிஞ்சிருக்கும். அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் திறந்து பார்த்திருக்க மாட்டன். கலியாணம் வராதெண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஆனா அண்ணை கடன்பட்டார் எல்லோ?"

வரிசையிலிருந்து இவர் நனைந்துபோய் வந்துகொண்டிருந்தார். எனக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. அப்படி நடந்தது என் சீவியத்தில் அந்த ஒரு தடவைதான்.