ஈரச் சாக்கில் போன மிருதங்கம்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் என் மூட்டைக்கு ஒரு பெயர் இருந்தது. நான் கட்டி அனுப்பிய மல்லிகையை மறுநாள் சென்னையில் பிரித்தால் மொட்டு மொட்டாகவே இருக்கும் என்பார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டு கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று யாராவது வாய் திறந்தால், அன்றைக்கு அவர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் போக முடியாது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் என் அண்ணனின் மிருதங்கத்தையும் பம்பாய்க்குக் கட்டி அனுப்பினேன்.

அண்ணன் தோல் பட்டறை வேலைக்காகப் பம்பாய் போனவர். ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவுக்கு அவர்தான் மிருதங்கம் வாசிப்பார். பம்பாயில் மதினியோடு ஒரே அறையில் குடித்தனம். மிருதங்கத்துக்கு இடமில்லை என்று என் வீட்டில் விட்டுப் போயிருந்தார். லீவுக்கு வந்தால் நேராக உள்ளே போய் அதன் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான், "என்ன தாயி, சாப்டியா?" என்று என் பக்கம் திரும்புவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கூடப் பொறந்தவ ஒருத்தி இங்க நிக்கிறேன். அந்தக் கட்டையத்தான் மொதல்ல பாக்கணுமாக்கும்" என்பேன். அவர் சிரிப்பார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரு நாள் நான் வேலை பார்த்த கமிஷன் கடை போனுக்குக் கூப்பிட்டார். "அத அனுப்பி வைக்கிறியா தாயி? கை சும்மாவே கெடக்கு" என்றார். என்னிடம் அவர் எதையும் கேட்டு வாங்கியவரில்லை. இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று டாக்டரே சொல்லவில்லை. மிருதங்கம் சேதமில்லாமல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு இன்லண்ட் கடிதம் நிறைய எழுதியிருந்தார். இரண்டு முகத்திலும் துணியை மடித்து வைத்து, அதன்மேல் வட்டமாக வெட்டிய அட்டையை வைத்துக் கட்டு. பெட்டிக்குள் நிற்க வைக்காதே, படுக்க வை. சுற்றிலும் வைக்கோல் திணி. குலுக்கிப் பார், உள்ளே ஆடினால் பிரித்து மறுபடியும் கட்டு. ஒன்றைக்கூட விடாமல் செய்தேன். துணிக்கு என் பழைய நூல் சேலையையே மடித்து வைத்தேன். திராட்சைப் பெட்டிப் பலகைகளைக் கொடுத்து ஆசாரியிடம் பெட்டி அடித்து வாங்கினேன். மூன்று முறை குலுக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை.

அது மே மாதம். வைக்கோலைத் திணிக்கும்போது அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் தெளித்தேன். சாக்கையும் நனைத்துப் பிழிந்துதான் பெட்டியைச் சுற்றித் தைத்தேன். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தே பழகியதில், மூட்டை கட்ட உட்கார்ந்தால் என் கை தானாகவே வாளிக்குள் போய்விடும். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. வாசிக்க உட்காரும் முன் அண்ணன் இடது முகத்தில் தண்ணீர் தடவி, பிசைந்த ரவையை அப்புவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் வெயிலாயிற்றே, தோல் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு கை அள்ளித் தெளித்தேன். ஈரம் படக் கூடாது என்று மட்டும் அவர் கடிதத்தில் எழுதவில்லை. மிருதங்கம் வாசிப்பவருக்கு அதையெல்லாம் எழுதத் தோன்றாது.

லாரி பார்சல் ஆபீஸில் இருந்தவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "ஏக்கா, சாக்கு ஈரமா இருக்கே. உள்ள பூவா?"

"மிருதங்கம்."

"அதுக்கு எதுக்குக்கா தண்ணி?"

"மூட்ட கட்ட எனக்கே சொல்லித் தாரீகளோ? ரசீத எழுதுற சோலியப் பாருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அந்த இடத்தில் செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு அவர் கேட்டதை யோசித்திருக்கலாம். இன்றுவரை அதை நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "வந்துருச்சு தாயி. ஒரு கீறல் இல்ல."

"வாசிங்கண்ணே, கேக்குறேன்."

"இரு, போனப் பக்கத்துல வைக்கிறேன்."

ஏலச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டேன். கிறிஸ்துமஸ் பூசையில் வாசிக்கும் அதே நடை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் காதிலும் ரிசீவரை வைத்துக் கேட்கச் சொன்னேன். "ஒங்க கை அப்படியே இருக்குண்ணே. எத்தன பேரு வாசிச்சாலும் ஒங்க சத்தம் எனக்குத் தெரியாதா?"

"ஆமா, ஒனக்குத் தெரியாதா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடும்போதெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். கொஞ்சம் வாசிப்பார். போகப் போகச் சத்தம் மெலிந்தது. லைன் சரியில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். நான் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை. மதினி தம்ளர் தம்ளராகத் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், "மிருதங்கத்த நான் கொண்டு போகட்டுமா மதினி?" என்று கேட்டேன். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தார். அதன்மேல் என் பழைய சேலை சுற்றியிருந்தது.

பிரித்தேன். வலது முகத்தின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் பெயர்ந்து, துண்டு துண்டாகச் சேலையில் ஒட்டியிருந்தது. தோல் தொளதொளவென்று தொங்கி, பூஞ்சை பிடித்திருந்தது. தட்டினேன். தலையணையைத் தட்டியது போல இருந்தது.

"பெட்டியப் பிரிச்சப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார் மதினி. "வைக்கோலெல்லாம் அவிஞ்சு போயி ஒரே நாத்தம். 'பூவுன்னு நெனச்சுத் தண்ணி தெளிச்சிருக்கா பாரு'ன்னு சிரிச்சாரு. ரிப்பேருக்குக் குடுப்போம்னேன். 'தோலு ரெண்டையும் மாத்தணும், அம்புட்டு நாளு எங்க இருக்கு'ன்னுட்டாரு. ஒன்ட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா இனிமே ஒரு மூட்டயும் கட்ட மாட்டாளாம்."

"போன்ல வாசிச்சாரே?"

மதினி அறையின் மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் குடம் இருந்தது. "ஒனக்குப் போன் பண்ற நாளெல்லாம் தண்ணிய அண்டாவுல ஊத்தச் சொல்லிட்டு, அந்தக் கொடத்தக் கவுத்து மடியில வச்சுக்கிட்டுத் தட்டுவாரு."

காலையிலிருந்து அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன்.