சுவருக்கு அந்தப் பக்கம்

நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த முறைப்பாடு வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு பெண்கள். மழை தொடங்கினாலே பக்கத்து வீட்டுக்காரி உலக்கையால் சுவரை இடிக்கிறாள், கேட்டால் வாயே திறப்பதில்லை என்று ஒருத்தி பொலிஸுக்குப் போயிருந்தாள். முறைப்பாடு செய்தவளுடைய கணவர் ஒப்பரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். பொலிஸ் அதை மத்தியஸ்தத்துக்கு அனுப்ப, என்னிடம் வந்தது.

அப்போது நான் இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. வேலி, தண்ணீர்க் குழாய், கோழி என்று எத்தனையோ சண்டைகளைத் தீர்த்திருந்தேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, ஒப்பந்தத்தைப் பாதி எழுதி எடுத்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் மூவரும் உட்கார்ந்தோம். சுவரை இடித்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். எங்கே உட்கார விருப்பமோ அங்கே உட்காரச் சொன்னேன். கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் இடித்தீர்கள்" என்று கேட்கக் கூடாது என்பது பயிற்சியில் படித்தது. அதனால், "மழ வரும்போது உங்களுக்கு என்னங்க ஆகுது?" என்று கேட்டேன்.



"அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களான்னு பாக்குறேன் மிஸ்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். இந்தத் தோட்டத்துக்கு வருமுன் இருந்த இடத்தில் ஒரு மழைநாளில் மலை சரிந்தது. இவள் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். அடுத்த அறையில் தங்கச்சி.

"அவ தட்டுனா. நானும் தட்டுனேன். ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தோம். பொறகு அந்தப் பக்கம் சத்தமில்ல." கையை மடியில் பிசைந்துகொண்டாள். "இங்க நா இடிச்சா இவங்க ஏசுவாங்க. ஏசுறது கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்."

முறைப்பாடு செய்தவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப நா ஏசுறதக் கேக்கத்தான் இடிச்சீங்களா அக்கா?"

"ஆமா."

"இனிமே நீங்க இடிக்க வேணாம். மழ வந்தா மொதல்ல நானே தட்டுறேன். நீங்க வெரலால தட்டுனாப் போதும், எனக்குக் கேக்கும்."

அவ்வளவுதான். சுவரை இடித்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முறைப்பாடு செய்தவள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இத்தனை வருடப் படிப்பில் நான் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்றை, காலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். எழுதிக்கொண்டு போன தாளைக் கிழித்துவிட்டு, 'மழை பெய்தால் ஒருவர் சுவரைத் தட்டுவார். மற்றவர் பதிலுக்குத் தட்டுவார்' என்று எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

சுவர் தட்டுவதால் மட்டும் அந்தப் பயம் போய்விடாது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சுவரை இடித்தவள் தனியாகப் போகத் தயங்கினாள். அடுத்த மாதம் விசாரித்தபோது, கிளினிக் நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வருவதாகச் சொன்னார்கள்.