கதிர் யார்?

யுத்த காலத்தில் நாங்கள் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருந்தோம். றோட்டைவிடத் தாழ்ந்த இரண்டு அறைகள். சன்னல்களைத் திறக்க அம்மா விடவே மாட்டார். எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார், கம்பஸில் பௌதிகவியல் படிப்பவர். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் இருபத்திரண்டு வயதும் உள்ள ஒருவரைப் பிடித்துக்கொண்டு போக அந்த நாள்களில் வேறு காரணம் தேவைப்படவில்லை. அம்மா அந்த ஒரு பயத்தோடுதான் எழும்புவார், படுப்பார்.

மாமாவுக்கோ வேறு பயம். நிலத்துக்கு அடியிலுள்ள கல்லிலிருந்து ரேடன் என்று ஒரு வாயு கசியுமாம். நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பு வழியாக ஏறி, அடைத்த வீட்டுக்குள் தங்கி, வருடக்கணக்கில் சுவாசிப்பவருக்கு நுரையீரலில் புற்றுநோயைக்கூடக் கொண்டுவருமாம். வெடிப்பைச் சீமெந்தால் அடைப்போம், சன்னலைத் திறப்போம் என்று நச்சரித்தார்.

"சன்னலைத் திறந்தா காத்து மட்டுமோ வரும்? எங்கட கதை றோட்டுக்குக் கேக்கும்" என்றார் அம்மா.

"எனக்குத் தெரிஞ்ச வாயு வேற. அது இஞ்சிப் பிளேன்ரீ குடிச்சாப் போயிடும்" என்றார் அப்பா.

அளந்து காட்டினால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று மாமா கம்பஸிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே நகத்தளவு பிலிம். மூன்று மாதம் யாரும் தொடாமல் கட்டிலருகே இருக்கவேண்டும்; பிறகு பிலிமில் அந்த வாயு பதித்த தடங்களை எண்ணவேண்டும். அதற்குக் காவல், எட்டு வயதான நான். கூடவே ஒரு சொல்லும் சொல்லித்தந்தார்: கதிரியக்கம். நாக்குக் குழறாமல் சொல்லும்வரை விடவில்லை. நான் தலைகால் தெரியாத பெருமையோடு திரிந்தேன்.

இரண்டாம் மாதம், ஒரு ஞாயிறு காலை, பொலிஸும் ஆமியும் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். கோப்பை அகப்பட்டது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் குனிந்து, "இது என்ன, மகள்?" என்று என்னைக் கேட்டார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"கதிரியக்கம் பாக்கிறது. மாமா வச்சவர்."

அவர் முகம் மாறியது. இயக்கம் என்றால் அந்த நாள்களில் ஆயுதம் தூக்கியவர்கள். அந்தப் பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது.

"எந்த இயக்கம்?"

"கதிர்... இயக்கம்" என்று, விளங்காத பிள்ளைக்கு ரீச்சர் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னேன்.

"கதிர் யார்? எங்க இருக்கிறது?"

"நிலத்துக்குக் கீழ இருந்து வாறது. கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும்."

மாமா சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி விளக்கினார். விளக்க விளக்கக் காரியம் கெட்டது. கோப்பையைப் பையிலும் மாமாவை ஜீப்பிலும் ஏற்றினார்கள். சேர்ட் போட்டுக்கொள்ளவும் விடவில்லை.

அதன் பிறகு அம்மா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். மாமா திரும்பி வரவேயில்லை. அம்மா என்மேல் ஒரு கை ஓங்கவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. அந்த முதல் வாரத்தில் ஒருநாள், "நான் பிழையாச் சொன்னனானோ, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நீ சரியாத்தான் சொன்னனீ."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதைச் சொன்னபோது அம்மாவின் முகம் இருந்த விதத்தை வாசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு கடினமான சொல்லைத் தடுமாறாமல் சொல்லியிருக்கிறேனே, மாமா வந்ததும் என்னை மெச்சுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.