பெரியப்பா வீட்டில் என் எம்பஸி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எம்பஸி, அதாவது தூதரகம், என்றால் என்ன என்று அதற்கு முன்பே எனக்குச் சொல்லித் தந்தது பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர். பாறசாலையில் எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு வேலிதான். எல்லையில் நின்ற பலாமரம் யாருக்கு என்ற தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வேலிச் சந்து வழியாகப் போய்வர எனக்கு மட்டும் தடையில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டில் பெரியப்பா மகனான என் அண்ணனுக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு நாடு. நகரம் கட்டி, படை சேர்த்து வளர்க்க வேண்டும். அவன் தலைநகரில் நான் எம்பஸி வைத்திருந்தேன். அங்கே நடப்பதெல்லாம் அதன் வழியாக எனக்குத் தெரியும். அவன் படை என் எல்லைப் பக்கம் நகர்ந்தால் பயந்துபோய் என் படையையும் அங்கே கொண்டு நிறுத்துவேன்.

அதைவிடப் பெரிய பயம் பெரியவர்களின் கேள்விகள். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் அப்பாவின் இருமலைப் பற்றிக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் அப்பா, அங்கே பெரியப்பா என்ன செய்கிறார் என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். இது உளவேதான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

ஒருநாள் வேலியோரம் ஒரு லோடு வெட்டுக்கல் வந்து இறங்கியது. மதில் கட்ட மறுநாள் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறார் அப்பா என்றாள் அம்மா. பதறிப்போய் அண்ணனிடம் ஓடினேன். அன்றைக்கென்று பார்த்து அவன் என்மேல் போர் அறிவித்திருந்தான். திரையில் என் எம்பஸியைக் காணவில்லை.

"சண்டை வந்தா மொதல்ல அதையாக்கும் எடுத்துக் களைவாவ, பிள்ளே" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்று அழுதேன். மறைத்து வைத்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது.

"பெரியப்பா உங்களுக்க இருமலு கொறஞ்சுதாண்ணு கேட்டாவ. நித்தமும் கேக்காவ."

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நித்தமுமா?" என்றார். பிறகு எழுந்து வேலிப் பக்கம் போனார். காட்டிக்கொடுத்துவிட்டோம், இனி அடிதடிதான் என்று நினைத்தேன்.

மறுநாள் கல் கொத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். என் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது மதில். வேலிச் சந்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கட்டாமல் விட்டிருந்தார்கள்.

"பாத்துப் போ மக்கா, கல்லு ஒரசும்" என்றார் அப்பா.

நல்லவேளை, கல் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பார்த்தால், மிச்சக் கல் பலாமரத்து அடிமூட்டில் அடுக்கிக் கிடந்தது. எப்போது அதை எடுத்து வழியை அடைப்பார்களோ என்று, அதன்மேலேயே உட்கார்ந்து வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன்.