அசையாத ஐந்து

முனைவர் பட்டத்துக்காக நான் செய்த ஆய்வில், புதிதாய்ப் பிள்ளை பெற்ற பெண்களின் செல்போன் ஒரு நாளைக்கு ஐந்து முறை மணியடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: 'இப்போ மனசு எப்படி இருக்கு?' பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். தருமபுரியில் என் வாடகை அறையில் உட்கார்ந்து, அந்த எண்களைக் கோடாக வரைந்து பார்ப்பேன். ஒருத்திக்கு ஒரே நாளில் ஒன்பதும் வரும், இரண்டும் வரும். இன்னொருத்தி நாலுக்கும் ஆறுக்கும் நடுவிலேயே இருப்பாள். இருவருக்கும் சராசரி ஒன்றாகவே இருக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தை ஆளுக்கு ஆள் தனியாக மதிப்பிடுவதுதான் என் வேலை.

ஏரியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கோடு மட்டும் அசையவே இல்லை. மூன்று வாரமாக எல்லா வேளையும் ஐந்து.

"படிக்காமலே அமுக்குறாங்கம்மா. ஆய்வுல இருந்து எடுத்துடுங்க," என்றார் என் வழிகாட்டி.

எடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பென்னாகரத்தில் பஸ் மாறிப் போனேன். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். குழந்தை தூளியில் தூங்கியது.

"தப்பா போட்டுட்டேனுங்களாக்கா?" என்றாள் பயந்துபோய். "ஒவ்வொருக்காவும் யோசிச்சுத்தாங்க போடுறேன். அழுகையும் வரல, சிரிப்பும் வரல. கொழந்த சிரிச்சாகூட, பக்கத்து வூட்டுக் கொழந்த சிரிக்கிற மாதிரிதான் இருக்குது. அப்ப அஞ்சுதானுங்களே?"

நான் நோட்டை மூடி வைத்தேன். "யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றதுங்க? வலின்னா சொல்லலாம்."

அவள் சம்மதத்தோடு அந்த ஊர் நர்ஸிடம் பேசினேன். மறுவாரம் நர்ஸும் அவளும் நானும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளிடம் பேசி முடிக்கும்வரை குழந்தை என் மடியில் கிடந்து துப்பட்டாவைச் சப்பியது.

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியும் பல நாள் ஐந்துதான். பிறகு ஒரு மத்தியானம், மூன்று. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"அழுதுட்டேங்க," என்றாள். "கொழந்தைக்குத் தடுப்பூசி போட்டாங்க. அது கத்துன கத்துல எனக்கும் அழுகை வந்துருச்சு."

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்குதுங்க," என்றாள். அவள் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்கும் தொற்றிக்கொண்டது. போனை வைத்துவிட்டு நானும் அழுதேன்.

சாயங்காலம் எட்டு வந்தது.

அவளை நான் ஆய்விலிருந்து எடுக்கவில்லை. ஒருவரின் ஏற்ற இறக்கமே நாள்போக்கில் மாறலாம் என்று என் புள்ளியியல் மாதிரியைத் திருத்தி எழுதினேன். அதற்கு ஆறு மாதம் கூடுதலாகப் பிடித்தது. வழிகாட்டி முதலில் சலித்துக்கொண்டார். அவள் கோட்டைக் காட்டியபின், "இருக்கட்டும்மா," என்றார்.

ஆய்வு முடிந்தும் அவள் எப்போதாவது கூப்பிடுவாள். போன வாரம், பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டு ராகி மாவையெல்லாம் கொட்டிவிட்டது என்று போனில் திட்டிக்கொண்டிருந்தவள், பாதியிலேயே சிரித்துவிட்டாள்.