கேட் திறந்திருந்த நாள்

பீடோங்கிலிருந்து உள்ளே போகும் தோட்டத்து ரோட்டில் கண்ணாடி ஊதும் பட்டறையும் கேலரியும் திறக்கிறார்கள் என்று எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செம்பனைக் காட்டுக்குள் வந்து பூச்சாடி வாங்க யாருக்குத் தலையெழுத்து? அக்கா சிரிக்கவில்லை. "அப்போ அன்னைக்கு கேட் தொறந்திருக்கும் லா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குக் கேட்தான் முக்கியம். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். லயத்து வீடுகளை இடித்து எங்களைத் தாமானுக்கு அனுப்பிய பிறகும் அக்கா வருஷம் தவறாமல் அங்கே போய்வந்தாள். அவளுடைய முதல் பிள்ளை, பல் முளைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்ட பெண்குழந்தை, அங்கேதான் கிடக்கிறது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த பழைய கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேடு. பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை, அந்த மேட்டில்தான் புதைப்பார்கள். சிமெண்டுக் கல்லறை கட்ட எங்களுக்கு ஏது வசதி? காலி ஸ்டவுட் பீர் போத்தல்களைத் தலைகீழாக்கி, மண்ணைச் சுற்றி வரிசையாகக் குத்திவைப்பார்கள். மாடு மிதிக்காது, இடமும் தெரியும். பெயர் கிடையாது. எந்த வட்டம் யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியும், அது போதும்.

நிலம் கைமாறியதும் பாகார் வேலி அடித்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். போன வருஷம் பால் பாக்கெட்டும் பிஸ்கட்டுமாகப் போன அக்காவைக் காவலுக்கு நின்ற ஜாகா, "தாக் போலே, ஆச்சி" என்று கையை ஆட்டித் திருப்பி அனுப்பினான். வீட்டுக்கு வந்து அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிக்கவும் மனமில்லாமல் கொட்டிவிட்டாள். இந்த முறையாவது பிள்ளையிடம் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் எண்ணம்.

நிலத்தை வாங்கியவன் வேறு யாருமில்லை, பீடோங் ஜவுளிக்கடை முதலாளியின் மகன். அந்தக் கடையில் தோட்டத்து ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே சேலை பார்க்க வேண்டும். நாலு சேலையை விரிக்கச் சொன்னால், "வாங்கப் போறியா, சும்மா தடவிப் பாக்க வந்தியா?" என்று பெரியவர் கேட்பார். மகன் ஆஸ்திரேலியாவில் கண்ணாடி ஊதப் படித்துவிட்டுத் தாடியோடு திரும்பியிருக்கிறான். திறப்பு விழாவுக்கு அவன் போட்டிருந்தது என்ன தெரியுமா? எங்கள் அப்பா பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போன அதே காக்கி அரைக்கால்சட்டை. அப்பாவுடையது தேய்ந்து கிழிந்தது, இவனுடையது காசு கொடுத்துக் கிழித்தது.

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரில் வந்திறங்கியவர்கள், கேலரியாக மாற்றியிருந்த அந்தப் புகைக் கொட்டகையின் கரிபிடித்த சுவரைத் தடவித் தடவிப் படம் பிடித்தார்கள். அந்தக் கரியை மூச்சில் இழுத்து இருமிச் செத்தவர்களை எனக்குத் தெரியும். சாப்பிட பொத்தான் அளவு தோசை, அதற்கு ஒரு பல்குத்தி. எங்கள் தாமான் சனம் மட்டும் என்ன உசத்தி? கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டை உடுத்திக்கொண்டு வந்து, பூச்சாடிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றார்கள்.

எங்கள் தொகுதியில் ஜெயித்த ஒய்.பி. வழக்கம்போலத் தாமதம். அவர் கையால் கண்ணாடி உருக்கும் உலையை ஏற்ற வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டார்கள். உலையோ பல நாளாக எரிந்துகொண்டிருக்கிறது. நினைத்தபோது அணைத்து ஏற்றுகிற அடுப்பு இல்லையாம் அது. அதனால் முன்னால் ஒரு குத்துவிளக்கை வைத்து, அதை ஏற்றினால் உலையை ஏற்றியதாகக் கணக்கு என்று முடிவுசெய்தார்கள். காற்றாடி விளக்கை அணைத்தது. காற்றாடியை நிறுத்தினார்கள். பாத்தேக் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அந்தச் சூட்டில் நின்று ஒய்.பி. தோட்டத்து மக்களின் வியர்வையைப் பற்றிப் பேசினார். எனக்குப் பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. வேகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நானும் அக்காவும் பின்பக்கம் நழுவினோம்.

மேட்டைக் காணோம். புல்டோசர் விட்டுச் சமன்செய்து, புல் பதித்து, நடுவில் மூங்கில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு போத்தல்கூட இல்லை. அக்கா பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை மூலையிலிருந்து நடந்து பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். "இங்கதான்டி" என்பாள். உடனே, "இல்ல, அந்தப் பக்கம்" என்பாள். ஒரு இடத்தில் குனிந்து புல்லைத் தடவிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. போனோம். கேலரி நடுவில் பெரிய பச்சைக் கண்ணாடி மரம் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நின்றது. அதன் பெயர் தோட்டத்தின் மூச்சாம். தாடிக்காரன் மைக்கில் விளக்கினான். "இது எல்லாமே இந்த மண்ணுல கெடந்த போத்தல். பின்னாடி பொதருக்குள்ள யாரோ குடிச்சிட்டு, வரிசை வரிசையா வட்டமா குத்தி வெளையாடிருக்காங்க. எல்லாத்தையும் புடுங்கி உருக்கிட்டேன்." கூட்டம் சிரித்தது. தோட்டத்துக்காரன் என்றால் குடிப்பான், குடித்தால் வட்டம் போட்டு விளையாடுவான். இவனும் தமிழன்தான். தாமானுக்கு வந்து யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்றே அந்தக் குடும்பத்துக்கு என்றைக்கும் தோன்றியதில்லை.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவனிடம் போனேன். "தம்பி, அது வெளையாட்டு இல்ல. புள்ளைங்கள பொதச்ச எடம்."

அவன் முகம் வெளுத்தது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம்? "ஐயோ, சோரி ஆண்டி. எனக்குத் தெரியாது லா" என்றான். பிறகு மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரொம்ப டச்சிங்கா இருக்கு ஆண்டி. இத நாம போர்டுல எழுதி வைக்கலாமே?"

அறைந்திருப்பேன். அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள். "எம்புள்ளயோட போத்தல் இதுல எது தம்பி?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எல்லாம் ஒண்ணா உருகிருச்சு ஆண்டி."

அக்கா தலையாட்டினாள். பிறகு அந்த மரத்தடியில், பளபளத்த சிமெண்டுத் தரையில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வாழையிலைத் துண்டை எடுத்து விரித்தாள். பிஸ்கட்டை வைத்தாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றினாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஒய்.பி. கையைக் கூப்பிக்கொண்டு படத்தில் விழுகிற மாதிரி அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார். கற்பூரம் எரிந்து அடங்கியதும் முதலில் யாரோ ஒருவர் கை தட்ட, மொத்தக் கூட்டமும் சேர்ந்து தட்டியது.

அக்கா கலவரத்தோடு திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"தட்ட வேணாம்னு சொல்லுடி," என்றாள். "புள்ள முழிச்சுக்கும்."